கைதானோர் பட்டியலைக் கைவிடாத ‘மறுபடி மேடம்’ அவர்களுக்கு

குற்றப் பதிவுப் பிரிவின் கூர்விழியே! கூட்டல் பிழை பொறாத கோமகளே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்களை மூச்சுவிடாமல் வேலை வாங்கிய முதல்வியே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வணக்கம்.

பொறுமையின் சிகரம் என்று தங்களைப் புகழ ஆசைதான். ஆனால் பொறுமையாக இருந்தவர்கள் நாங்கள். காவல் நிலையங்களிலிருந்து வரும் படிவங்களைக் கூட்டி, தட்டச்சு செய்து, மேலே அனுப்பிவிட்டு நேரத்தோடு வீடு போய்ச் சேரலாம் என்று நம்பித்தான் இந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வந்தோம். வந்த அன்றே “மறுபடி பாருங்க” என்றீர்கள். பாதிக்கப்பட்டவர் என்ற கட்டத்தில் ‘குடும்பத்தார்’ என்று எழுதியிருந்தால் படிவம் வந்த வழியே திரும்பிப் போகும். “குடும்பத்தார் எப்படிங்க அடி வாங்குவாங்க? ஆம்பளையோ பொம்பளையோ யாராவது ஒருத்தர்தானே வாங்கியிருப்பாங்க?” என்று தாங்கள் துளைத்த துளைப்பில், தொலைபேசியில் தங்கள் குரல் கேட்டாலே நிலைய எழுத்தர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். தங்களுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் அவர்கள், பரப்பியவர்கள் நாங்கள்.

ஒருபக்கச் சார்பு என்று குறை சொல்லவும் எங்களுக்கு வழி வைக்கவில்லை. இம்மாநகரில் தெருவில் குத்துப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், வீட்டுக்குள் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கைதானவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆண்கள் என்று பிரித்துக் காட்டினீர்கள். அதோடு விட்டீர்களா? மனைவி கையால் மண்டை உடைந்து, குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்ன கணவன்மாரையும் தேடிப் பிடித்தீர்கள். “அவருக்கும் வலிக்கும்ல?” என்றீர்கள். எங்களுக்கு ஒரு கோடை முழுவதும் மருத்துவமனைச் சீட்டுகளோடு போயிற்று.

பிறகு சென்ற ஆண்டுக் கணக்கு வந்தது. அடிதடி வழக்குகளில் கைதான பெண்கள் இருநூற்று எண்பதிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டாக உயர்ந்திருந்தார்கள். ‘பெண் குற்றவாளிகள் பெருக்கம்’ என்று நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் போட்டன. அந்த வாரத்தில்தான் பள்ளிப் பேருந்து உதவியாளர் ஒருவர் கையில் மாவுக்கட்டோடு வந்து, லிப்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். “வீட்டுக்காரர் அடிக்கிறாருன்னு போன் போட்டதே நான்தாங்க. ரெண்டு பேரையும் வண்டியில ஏத்திட்டுப் போய், ரெண்டு பேர் பேரையும் எழுதிட்டாங்க. கைதானவங்களைக் குழந்தைங்களோட அனுப்ப முடியாதுன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க” என்று அழுதார்.

நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் மேசைகளில் பரப்பினீர்கள். ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்கச் சொன்னீர்கள். “உயிரை வாங்காதீங்க மேடம்” என்று தட்டச்சர் கெஞ்சினார். “வாங்கினா திருப்பித் தந்துடறேன். முதல்ல பத்தொன்பதாம் நம்பரைப் பாரு” என்றீர்கள். ஒன்பதாவது வாரத்தில் தெரிந்தது: நூற்று முப்பத்தேழு பேர், உதவி கேட்டுத் தாமே காவலரை அழைத்த பெண்கள்! சண்டை நடந்த வீடென்றால் இருவரையும் வண்டியில் ஏற்று என்று புது உத்தரவாம். யார் யாரை அடித்தார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லையாம். தங்கள் மீது எங்களுக்கிருந்த எரிச்சல் அன்றோடு இடம் மாறிவிட்டது.

எந்த இடத்துக்கு என்பது மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைமை அதிகாரி அவர்களுக்குத் தெரியும். தாங்கள் அனுப்பிய திருத்தம் நான்கு முறை திரும்பி வந்தது. “வந்ததைக் கூட்டறதுதாம்மா நம்ம வேலை” என்றார் அவர். “தப்பைக் கூட்டினா தப்புதானே சார் வரும்?” என்றீர்கள். “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். அடுத்த வருஷம் தாங்கள் இருக்கமாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாதா! பிரிவுத் தலைவரான தாங்களும் தலைமை அதிகாரியும் ஒரே தாளில் கையெழுத்திட்டால்தான் பதிவேட்டைத் திருத்த முடியும். தங்கள் கையெழுத்துக்கோ இன்று மாலை ஐந்தே முக்கால் வரைதான் மதிப்பு. அந்தப் பேருந்து உதவியாளர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

ஓய்வறியா உழைப்பே! உறுதியின் உறைவிடமே! நோயில்லா உடலும் நீண்ட ஆயுளும் நிம்மதியான உறக்கமும் பெற்றுத் தாங்கள் நிறைவாக வாழ வேண்டும். இனி எந்தப் படிவமும் தங்கள் கண்ணில் படாதிருக்கட்டும். பட்டால் எங்களுக்குத்தான் கஷ்டம்.

நிறைவாக, இம்மடலின் வழியே பதிவு செய்யப்படுவதாவது: சென்ற ஆண்டு அடிதடி வழக்குகளில் கைதானோராகக் காட்டப்பட்ட பெண்களில், பின்பக்கம் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள நூற்று முப்பத்தேழு பேரும் பாதிக்கப்பட்டோர் கட்டத்துக்கு மாற்றப்படுகிறார்கள். மீதி இருநூற்று எழுபத்தைந்து. முந்தைய ஆண்டைவிட ஐந்து குறைவு.

பிரிவுபசார மடலில் தலைமை அதிகாரி முதலில் கையெழுத்திடுவது இங்கே வழக்கம். நேற்றே நீட்டினோம். எல்லாத் தாளிலும் போடுவதுபோலவே, படிக்காமல் போட்டுவிட்டார். அதற்குக் கீழே தங்களுக்கு இடம் விட்டிருக்கிறோம். கண்ணாடியின் மேல் எழுத முடியாதென்பதால் மடலுக்குச் சட்டம் போடுவதை நாளைக்குத் தள்ளி வைத்தோம். இதை வாசித்து முடிக்கையில் மணி ஐந்தரை ஆகியிருக்கும்.

மேடம், பேனா இதோ.

தங்களிடம் பட்ட பாட்டை என்றும் மறவாத,
குற்றப் பதிவுப் பிரிவு அலுவலர்கள்