பழைய பூட்டு ஃபைல்

டீ நன்றாக இருக்கிறது சார். எங்கள் கேன்டீனில் இப்படிக் கிடைக்காது.

நான் தமிழ்வாணன், மண்ணூர்க்காரன். எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு ஒரகடம் கம்பெனியில் கொடுத்த வேலை இது. மெஷின்களைக் கண்காணிக்கும் ஜாவா புரோகிராமை ஒற்றை ஆளாக எழுதினேன். அந்தப் புரோகிராமின் துண்டுகளான கிளாஸ் ஃபைல்கள் அத்தனையும் சர்வரில் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. எது எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் என் சோறு.

பிறகு தென்காசிப் பையன் இசக்கியை எடுத்தார்கள்.

"என்னண்ணே, சட்டி பானை, துணிமணி எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி வச்சிருக்கிய?" என்று சிரித்தான். ஷிஃப்டுக்கு ஒன்று, தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபோல்டராக, பேக்கேஜ் பேக்கேஜாகப் பிரித்து அடுக்கினான். குறை சொல்ல முடியாது, சுத்தமான வேலை.

மேனேஜர் பார்த்துவிட்டு, "இனிமே யார் வேணா பாத்துக்கலாம். நீ இன்னாத்துக்கு தமிழு?" என்றார். நிலமும் போச்சு. இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான்?

அதனால் ஒரே ஒரு ஃபைலை மாற்றினேன். வழக்கமாகப் பிரஸ்ஸுக்குள் போகிறவர் கார்டைக் காட்டினால் திரை சிவப்பாகும், மெஷின் ஓடாமல் பூட்டிக்கொள்ளும். கதவு சென்சார் பழுதாகிக் கிடந்ததால் அது ஒன்றுதான் காவல். அந்தப் பூட்டு ஃபைலுக்குப் பதில், முன்பு சோதனைக்கு எழுதியிருந்த பழையதை இசக்கியின் பேக்கேஜில் வைத்தேன். அது எப்போதும் உள்ளே யாரும் இல்லை என்றே சொல்லும். இசக்கி திட்டு வாங்குவான், என்னைக் கூப்பிடுவார்கள். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில், துப்புரவு வேலை பார்க்கும் செல்லக்கனி பிரஸ்ஸுக்குள் இருக்கும் அச்சைத் துடைக்க வந்தாள். "சாப்ட்டியளாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கார்டைக் காட்டி உள்ளே போனாள். திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் திரை அதுவரை பொய் சொன்னதில்லை.

பச்சையாகவே இருந்தது. நான் பார்த்தேன். மெஷினை நிறுத்தும் பட்டன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுத்தியிருந்தால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே சார்? இசக்கி முதலில் கவனிக்கட்டும் என்று நின்றேன். மறுபக்கத்து ஆபரேட்டர் பச்சையைப் பார்த்து ஓட்டினான்.

அவளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இசக்கியை லாக்கப்பில் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பாவம், விட்டுவிடுங்கள். ஊருக்கே போய்விடட்டும், இந்தப் பக்கம் திரும்ப வர வேண்டாம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் சார். திங்கட்கிழமை லைன் ஓட வேண்டும், என்னை விட்டால் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?