வெள்ளை பூசிய இடம்

— ஐயையோ, கேப்டன் ஐயா! அது ஜின் சாராயம் இல்லை, நான் தூரிகை கழுவின தண்ணி!

— த்தூ! ஊத்தினது நீதானேடா?

— நான்தான். என் லட்சணம் அப்படி. நானே மாத்தி மாத்திக் குடிச்சு, நான் வரையற நார்ஃபோக் சீமை வானம் பாதி என் வயித்துக்குள்ளதான் கிடக்கு... அம்மா!

— அது கன்னத்துக்கு. அடுத்தது பல்லுக்கு. சார்ஜன்ட், இவன் இடது கையை முறுக்கிப் பிடி. வலது கை மட்டும் எனக்கு வேணும். டேய் ஜெத்ரோ, இந்தப் படத்துல குதிரை மேல சிவப்புக் கோட்டு போட்டவன் யாரு?

— நீங்கதான், ஹெரிக் ஐயா. காலையில சந்தையில ரொட்டிக்காக ஜனங்க கூச்சல் போட்டப்போ, இந்த ஜன்னல்ல உட்கார்ந்து வரைஞ்சேன். வாளும் உங்களோடதுதான். வெட்டு வாங்கினது நெசவாளி பொண்ணு டார்கஸ்.

— என்னை அழி.

— எரிச்சிடுங்களேன். அடுப்பு பக்கத்துலதானே இருக்கு.

— விசாரணை அதிகாரி காலையிலேயே இதை வாசல்ல இருந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாரு, யார் யாருன்னு கவனிக்கலை. சாயங்காலம் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காரு. படம் காணாமப் போனா யாரைக் கேட்பாரு? படம் இருக்கணும். நான் இருக்கக் கூடாது. என் மேல ஒரு வைக்கோல் வண்டியை வரை.

— எண்ணெய் வண்ணமா இருந்தா வரைஞ்சிடுவேன். மாதா கோயிலுக்கு அப்படித்தான் பழைய பிஷப் மேலயே புது பிஷப்பை வரைஞ்சு குடுத்தேன், அவங்க ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்காங்க. இது தண்ணி வண்ணம், ஐயா. மேல எதைப் பூசினாலும் அடியில இருக்கிறது தெரியும். வண்டி வரைஞ்சா, நீங்க வைக்கோலுக்குள்ள ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

— அப்போ கழுவி எடு.

— இந்தச் சிவப்புச் சாயம் காகிதத்துக்குள்ள இறங்கிடுச்சு. தேய்ச்சா காகிதம்தான் கிழியும்... ஆ! தோள்பட்டை, சார்ஜன்ட், தோள்பட்டை! ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அந்தப் பொண்ணை எதுக்கு வெட்டினீங்க?

— கலகக்காரி. கையில கல்லு வச்சிருந்தா.

— ரொட்டி வச்சிருந்தா. பாதி தின்ன ரொட்டி.

— வெள்ளை பூசு. அதோ, அந்தக் கிண்ணத்துல இருக்கே.

— அந்தக் கெட்டி வெள்ளையா? அதை வச்சிருக்கேன்னு தெரிஞ்சாலே எங்க தண்ணி வண்ண ஆளுங்க என்னைச் சீட்டாட்டத்துல ஏமாத்தறவன் மாதிரி பார்ப்பாங்க. எங்களுக்கு வெள்ளைன்னா காகிதம்தான். அவ ஏப்ரன், ரொட்டி மாவு, உங்க வாளோட பளபளப்பு, எதுலயும் நான் கை வைக்கலை. தொடாம விட்ட இடம் அதெல்லாம். அவ முகத்தையும் அப்படியே விட்டுட்டேன். வாய் திறந்திருந்துச்சு. அலறினாளா, கெஞ்சினாளான்னு எனக்குப் புரியலை.

— பூசுடா! இல்லேன்னா இடது கை விரல்ல ஆரம்பிப்போம்.

— பூசறேன், பூசறேன். கோட்டு போச்சு... குதிரை போச்சு... வாளும் போச்சு... இப்போ அந்த இடத்துல சுவர். போதுமா?

— ம். சுவர் நல்லாத்தான் இருக்கு. காய்ஞ்சிடுச்சா?

— காய்ஞ்சாச்சு. ஐயா, அதை ஜன்னல் பக்கம் தூக்காதீங்க.

— ஏன்?

— சும்மாதான். வெயில் பட்டா கெட்டுப் போகும்.

— நேரா சொல்ல மாட்டே, இல்லையா? சார்ஜன்ட், திரையை விலக்கு... என்ன இது? வெளிச்சத்துல பிடிச்சா நான் கருப்பா நிக்கிறேன்! குதிரையோட, வாளோட!

— மத்த இடத்துலெல்லாம் வெளிச்சம் காகிதத்துக்குள்ள புகுந்து வருது, ஐயா. கெட்டி வெள்ளை மட்டும் விடாது. முன்னைவிட இப்போ நீங்கதான் எடுப்பா இருக்கீங்க.

— தெரிஞ்சே பூசினியா?

— நீங்கதானே பூசச் சொன்னீங்க? விசாரணை அதிகாரிக்கும் தண்ணி வண்ணம்தான் பொழுதுபோக்கு. எந்தப் படம் கையில வந்தாலும் முதல்ல ஜன்னல்ல தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பாரு.

— சார்ஜன்ட், சுண்டு விரல்.

— வேண்டாம்! வேண்... ஆஆ! ஆண்டவரே!

— அடுத்தது.

— உடைங்க! நல்லா உடைங்க! இன்னும் எட்டு விரலும் ரெண்டு கட்டை விரலும் பாக்கி... இல்லை, ஒண்ணு கம்மி, கணக்கு எனக்கு எப்பவும் வராது... ஆனா சொல்லிட்டு உடைங்க. பதினாறு வயசுப் பொண்ணு. எதுக்கு வெட்டினீங்க?

— அழறியா?

— அவ எனக்கு யாருமில்லை. பேரே செத்த பிறகுதான் தெரியும். எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க.

— விடு அவனை, சார்ஜன்ட். நேராவே சொல்றேன், கேட்டுக்கோ. கூட்டத்துல என் தொப்பி உருண்டு போய்ச் சாணியில விழுந்துச்சு. இந்த ஜன்னல்ல இருந்து ஒருத்தன், "கேப்டனோட மூளை கீழே விழுந்திருக்கு, யாராவது எடுத்துக் குடுங்கப்பா"ன்னு கத்தினான். பயத்துல மொத்தச் சந்தையும் வாயை மூடிக்கிட்டு நின்னுச்சு. அவ ஒருத்திதான் சிரிச்சா.