பெரியப்பாவுக்குச் சவரம்

ஆங், இப்ப பேசாதீங்க பெரியப்பா. மீசை ஓரத்துல கத்தி இருக்கு. தலையையும் ஆட்டக் கூடாது. சரின்னா ஒருதடவை கண்ணை மூடித் திறங்க, போதும்.

வீட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே மார்க் எவ்வளவுன்னு கேக்குற வாயா இது? நுரை போட்டதும் எவ்வளவு அடக்கம் பாருங்க.

முறைக்காதீங்க. அப்பா அனுப்பித்தான வந்தீங்க? பள்ளிக்கூடத்தை விட்டுட்டு சலூன்ல நிக்கிறா, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்தக் கத்தியெல்லாம், நீங்களாவது புத்தி சொல்லுங்கண்ணேன்னு புலம்பியிருப்பாரு. சொல்லுங்க, கேக்குறேன். முதல்ல தாடி முடியட்டும்.

கல்லாகிட்ட உக்காந்திருக்காரே, அவருதான் முதலாளி. பேப்பர் படிக்கிற மாதிரிதான் தெரியும். உங்க கன்னத்தைத்தான் படிக்கிறாரு. கீறாம முடிச்சேன்னா நாளையிலருந்து இந்த நாற்காலி எனக்கு. துளி ரத்தம் வந்தாலும் பழையபடி முடி கூட்ட வேண்டியதுதான். அதனால தும்மல் வந்தா முன்கூட்டியே கையைத் தூக்கிடுங்க.

உன்னை நம்பி உக்கார ஒரு ஆளைக் கூட்டிட்டு வா, கத்தி தர்றேன்னாரு முதலாளி. மாமாவைக் கேட்டேன். நான் எப்பவுமே உன் பக்கம்தாம்மான்னு தன் கன்னத்தைத் தடவிக்கிட்டே நழுவிட்டாரு. அண்ணன் திடீர்னு தாடி வளக்குறானாம், மூஞ்சில நாலு முடிதான் இருக்கு. அறிவுரைன்னா மூட்டை மூட்டையா வச்சிருக்காங்க. கன்னத்தைக் கேட்டாதான் ஆளைக் காணோம்.

நீங்க என்னடான்னா, திட்ட வந்த எடத்துல, சரி வேலையைக் காட்டு பாப்போம்னு தொப்புன்னு உக்காந்துட்டீங்க.

இந்தப் பக்கம் முடிஞ்சுது. வழவழன்னு இருக்குல்ல? தொட்டுப் பாருங்க. இப்ப பேசலாம்.

இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கேனா? பலூனுக்கு நிறைய. அதுமேல நுரையைத் தடவி வழிச்சுதான் பழகுறது. அதுலயும் சிலது வெடிச்சிருச்சு. மனுஷங்கள்ல நீங்கதான் முதல் ஆளு.

எந்திரிச்சுப் போறதுன்னா போங்க பெரியப்பா, நிஜமாவே கோவிச்சுக்க மாட்டேன். பாதித் தாடியோட ரோட்டுல போறது உங்க பாடு.

என்ன, அந்தக் கன்னத்தைத் திருப்பிக் காட்டுறீங்க?

சரி, கொஞ்சம் இருங்க. கை வேர்த்திருக்கு, துடைச்சுட்டு வர்றேன்.