நட்சத்திரம் மாட்டறதுக்கு முன்னாடி

அட, கீழ வச்சுட்டீங்களே சார். இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்க. எங்க ஊர் வீடுகள்ல போடற இந்தச் சொய்கல் பீர் முதல் வாய்ல எதையும் காட்டிக்காது. நுரை நல்லா நிக்குதா? அது என் கண்ணுக்கே தெரியுது. உங்க நாக்குக்கு என்ன தெரியுது, அதைச் சொல்லுங்க.

நானா? எனக்கு வேணாம், காலைலேர்ந்து தலைவலி. தவக்கால நோன்பான்னு கிண்டல் பண்ணாதீங்க. எங்க பக்கத்து மடத்துச் சாமியாருங்க நோன்பையே பீர் குடிச்சுத்தான் கழிச்சாங்க.

பத்திரிகைல நீங்க எத்தனை மார்க் வேணா போட்டுக்கங்க, அதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. நாளைக்கு பீர் ஊத்தறது எங்க வீட்டு முறை சார். பீர் தயார்னு வாசல்ல நட்சத்திரத்தை மாட்டிட்டா ஊரே வந்து கூடத்துல உக்காந்துரும். காய்ச்சறது எல்லாரும் ஊர்ப் பொதுக் கொட்டகைலதான். புளிக்க வைக்கறது மட்டும் அவங்கவங்க நிலவறைல. அதனால ருசி கெட்டா வீட்டுக்காரங்களைத்தான் கேப்பாங்க.

போன முறை கேட்டாங்களே! பாதி டம்ளரை அப்படியே வச்சுட்டு எழுந்து போனாங்க. எதிர்வீட்டு ஹூபர்ட் இருக்கானே, ரொட்டி இருந்தா கொண்டாங்க, உங்க பீரைத் தடவித் திங்கலாம்னான். அவ்வளவு வெண்ணெய் வாடை. இன்னும் கொஞ்ச நாள் பீப்பாய்ல விட்டிருந்தா போயிருக்கும். நான்தான் நல்லா இருக்கு, மாட்டுங்கன்னு சொன்னேன். சும்மா உதட்டுல வச்சு எடுத்தேன் சார். முழுங்கல.

என் வீட்டுக்காரரா? ஆல்பன் ஒரு சொட்டு தொடமாட்டார். தொட்டா நிறுத்தத் தெரியாது. ஆஸ்பத்திரில கெடந்து பொழச்சு வந்த மனுஷன். அன்னிலேர்ந்து காய்ச்சறது அவர், ருசி பாக்கறது நான்.

ஹூபர்ட் அப்படிச் சொன்னதுக்கு மறுநாள் நிலவறைக்கு இறங்கிப் போறேன், இவர் டம்ளரும் கையுமா நின்னு மோந்து பாத்துட்டு இருக்கார். உன் நாக்குக்கு வயசாயிடுச்சுடி, ஒரு வாய் நானே பாத்துடறேன், ஒண்ணும் ஆகாதுங்கறார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நான் டம்ளரைப் பிடுங்கிக் கீழ கொட்டிட்டேன்.

அதான் உங்களை ஒரு நாள் முன்னாடியே வரச் சொன்னது. மேல அவர் நாளைக்கு வேண்டிய பன்றிக்கறியை நறுக்கிட்டு இருக்கார். வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. வெண்ணெய் வாடை இல்லாம சுத்தமா இருக்கா? இல்ல, மாட்டறதைத் தள்ளிப்போட்டு இன்னும் ஒரு வாரம் பீப்பாய்ல விடணுமா? நீங்க சொல்றதை நான் சொன்னதா அவர்கிட்ட சொல்லிக்கறேன்.

நீங்களே குடிச்சுப் பாத்தா என்னங்கறீங்க. டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்க சார். எனக்கு இப்ப மூணு மாசம். இந்த வயசுல இனிமே எங்கன்னு விட்டுட்டப்புறம் வந்திருக்கு. சந்தோஷமாத்தான் இருக்கு, பயமாவும் இருக்கு. அவர்கிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்ல? சொல்லிட்டா, அப்புறம் இந்த வீட்ல ருசி பாக்க அவர் நாக்கு ஒண்ணுதான் மிச்சம்.