அந்தக் குழாய் எதுக்கு?

இருங்க, இருங்க... கை தட்டாதீங்க. நான் உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க கை தட்டுறீங்க!

பின்வரிசையில ஒரு அண்ணன் கேக்குறாரு. "தலைவரே, மேடுபள்ளத்துல ஓடுற நம்ம நாலு சக்கர ஏ.டி.வி. வண்டிக்கு ஆர்.சி. புக்கே கிடையாது. அப்புறம் எதைப் பாத்து வாங்குறது?" சங்கத் தலைவர்னு என்கிட்ட இந்தக் கேள்வியை இந்த வருஷம் எத்தனை பேர் கேட்டுட்டீங்க! சரி... ஒரு சின்னக் கதை சொல்றேன். வயிறு எரியுற கதை. கேளுங்க.

ஏலகிரியில குணாளன்னு ஒருத்தர். மண்மேட்டுல டிராக் போட்டு, டூரிஸ்ட்டுக்கு ஏ.டி.வி. வாடகைக்கு விடுறவரு. மூணு வண்டி இருந்துச்சு, நாலாவது ஒண்ணு தேடிக்கிட்டு இருந்தாரு. ஒருநாள் ஒரு ஆளு மினி லாரியில ஒரு வண்டியை ஏத்திக்கிட்டு வந்து நிக்கிறான். பாதி விலை!

குணாளனோட சம்சாரம் தமயந்தி. அந்தம்மாதான் முதல்ல வாயைத் திறந்தாங்க.

"பில்லு எங்கங்க?"

அவன் சிரிக்கிறான். "அக்கா, இது என்ன ரோட்டுல ஓடுற வண்டியா? பில்லெல்லாம் எவன் பாக்குறான்?"

அந்தம்மா குனிஞ்சு பாக்குறாங்க. "சேஸிஸ் நம்பர் இருக்கிற இடத்தை அரத்தால ராவி வெச்சிருக்கே?"

"துருப்பிடிச்சிருந்துச்சுக்கா. தேச்சு பெயிண்ட் அடிச்சேன்."

"பின் பிரேக்கு கால்லதானே இருக்கும்? இதுல கையில இருக்கே?"

"அது... மாடல் அப்படி."

"பின்னாடி ஒரு குழாயை வெல்டு வெச்சிருக்கே, அது எதுக்கு?"

"மாடலே அப்படிக்கா!"

நாலு கேள்வி. ஒண்ணுக்காவது ஒழுங்கான பதில் வந்துச்சா? நம்ம குணாளன் என்ன சொன்னாரு தெரியுமா? "தமயந்தி, நீ கொஞ்சம் சும்மா இரு. நல்ல வியாபாரத்தைக் கெடுக்காதே." வாங்கிட்டாரு! அந்தக் குழாயில ஒரு கலர் கொடியைச் சொருகி, ஜம்முனு டிராக்ல விட்டுட்டாரு!

இப்போ அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கொடைக்கானல் மலையில தாண்டிக்குடிப் பக்கம் வாங்க. அங்க சூசைநாதன்னு ஒரு விவசாயி. சின்ன வயசுல போலியோ வந்து வலது கால் விளங்காமப் போயிடுச்சு. ஊன்றுகோல்தான். அவருக்கு மலைச்சரிவுல மிளகுத் தோட்டம். ஊன்றுகோலை வெச்சுக்கிட்டு அந்தச் சரிவுல ஏற முடியுமா? அதுக்காக ஒரு ஏ.டி.வி. வாங்கி, பட்டறையில சொல்லி கால் பிரேக்கைக் கைக்கு மாத்தி, ஊன்றுகோல் சொருகி வைக்க ஒரு குழாயும் வெல்டு வெச்சிருந்தாரு. அது வண்டி இல்லீங்க... அவரோட காலு.

ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு மத்தியானம் திரும்பி வந்தா... ஷெட்டு காலி.

உடனே புகார் கொடுத்தாரா? கொடுக்கலையே! "நம்பர் பிளேட்டே இல்லாத வண்டிக்கு ஸ்டேஷன்ல என்னத்தை எழுதிக்கப் போறாங்க"ன்னு அவரா ஒரு முடிவு பண்ணி வீட்டுல உக்காந்துட்டாரு. பில்லும் கைவசம் இல்லை. மூணு மாசம்! மேல மிளகு பழுத்து உதிருது. இவரு கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்காரு.

அப்போதான் ஏலகிரிக்கு டூர் போன அவரு மச்சான் போன் பண்றாரு. "மாமா, இங்க ஒரு வண்டியில கையில ரெண்டு பிரேக்கு இருக்கு. பின்னாடி ஒரு குழாயும் இருக்கு. வீடியோ அனுப்புறேன், பாருங்க."

மறுநாளே பஸ் ஏறி வந்துட்டாரு சூசைநாதன். டிராக் ஓரமா வண்டி நிக்குது. குணாளன் ஓடி வர்றாரு. "ஏங்க, யாருங்க நீங்க? இது நான் காசு கொடுத்து வாங்கின வண்டிங்க!"

சூசைநாதன் வண்டிகிட்ட போனாரு. அந்தக் கொடியை உருவிக் கீழ வெச்சாரு. தன் ஊன்றுகோலை அந்தக் குழாயில சொருகினாரு. கச்சிதமா உக்காந்துச்சு.

குணாளனைத் திரும்பிப் பாத்தாரு.

"தம்பி, உங்களை நான் திருடன்னு சொல்லல. ஆனா இந்தக் குழாய் எதுக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

குணாளன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "தோணுச்சுண்ணே... கேட்டா வண்டியை விடவேண்டி வரும்னுதான் கேக்கல."

கட்டிப் பிடிச்சு வண்டியைக் கையில கொடுத்தாச்சு, கதை முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்களா? அதான் இல்லை! ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போறாங்க. எஸ்.ஐ. அம்மா கேக்குறாங்க, "உங்க வண்டிதான்னு காட்டுறதுக்கு என்ன இருக்கு?" சூசைநாதன்கிட்ட பில் இல்லை. "நீங்க யாருகிட்ட வாங்கினீங்க?" குணாளன்கிட்ட ஒரு போன் நம்பர், அதுவும் சுவிட்ச் ஆஃப்! அந்தம்மா தலையில கை வெச்சுக்கிட்டாங்க. கடைசியில சூசைநாதனுக்கு வண்டி வித்த கடையில பழைய பில்லைத் தேடி எடுத்தாங்க. சேஸிஸ் நம்பரை ராவினவன் இன்ஜின் நம்பரை விட்டுட்டான். பில்லுல இருந்த நம்பரோட அது ஒத்துப் போச்சு. கோர்ட்டுல மனு போட்டு வண்டி சூசைநாதன் கைக்கு வர்றதுக்குள்ள, அந்த வருஷ மிளகு அத்தனையும் மண்ணோட மண்ணாப் போச்சு. குணாளனுக்கு? வண்டியும் போச்சு, பணமும் போச்சு. விசாரணை முடியற வரைக்கும் டிராக்கைப் பூட்டி, சீசனும் போச்சு. தமயந்தி அவரோட ரெண்டு வாரம் பேசலையாம். நான்னா ரெண்டு மாசம் பேசியிருக்க மாட்டேன்!

இப்போ சொல்லுங்க. "தெரியாம வாங்கிட்டேன் தலைவரே"ன்னு என்கிட்ட வந்து நிக்கிறீங்களே... தெரியாமலா வாங்கினீங்க? தெரிஞ்சுக்க வேண்டாம்னு வாங்கினீங்க! ராவின நம்பர் உங்க கண்ணுல படலையா? பாதி விலை எதுக்குக் கொடுக்கிறான்னு மனசு கேக்கலையா? கேட்டுச்சு. நீங்கதான் அதோட வாயைப் பொத்தினீங்க. நீங்க கேக்காம விட்ட ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாடியும் எங்கேயோ ஒரு மனுஷன் மலையைப் பாத்துக்கிட்டு நிக்கிறான்.

பில் இல்லையா, வாங்காதீங்க. நம்பர் தேஞ்சிருக்கா, வாங்காதீங்க. வாங்கினப்புறம் சந்தேகம் வந்துச்சா, மறைக்காம ஸ்டேஷனுக்குப் போங்க. வண்டி வெச்சிருக்கிறவங்க... இன்னிக்கே வீட்டுக்குப் போய் சேஸிஸ், இன்ஜின் ரெண்டு நம்பரையும் எழுதி வைங்க, பில்லைப் படம் எடுத்து வைங்க. நாளைக்கு "வண்டியைக் காணோம் தலைவரே"ன்னு போன் வந்தா, நான் கேக்கப்போற முதல் கேள்வி "நம்பர் என்ன?" அதுக்கு யாராவது "பச்சைக் கலர்"னு பதில் சொன்னீங்க...

சத்தியமா சொல்றேன், போனை வெச்சிடுவேன்!