நான்காம் அறை மணி

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. வீட்டில் மிக்சி ஓடினால்கூட மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

விபசாரத்துக்கு உரிமம் தரலாம் என்று சட்டம் வந்ததும் முதல் ஆளாக வாங்கியது எங்கள் விடுதிதான். மேலாளர் நான். என் மனைவியின் அண்ணன் வக்கீல். சாப்பிட உட்கார்ந்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"உடம்ப விக்கிறதுக்கு லைசன்ஸ் குடுத்துட்டா நியாயமாயிடுமா, மாப்ள?"

"மறைஞ்சு செஞ்சா அடிச்சாக்கூட கேக்க நாதியில்ல, மச்சான். இப்போ டாக்டர் வர்றாரு, சம்மதக் கையெழுத்து இருக்கு, கட்டில் பக்கத்துலயே மணி இருக்கு."

மணி என்றதும் மச்சான் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுவார். கட்டிலோரத்துச் சுவிட்சை அழுத்தினால் கீழே என் மேசைக்கு மேல் மணி அடிக்கும். நான் ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும். ஓடினேன். முதல் மாதத்திலேயே படி ஏறி ஏறி இளைத்து இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. கழுத்தைப் பிடித்தான் என்பாள் ஒருத்தி. வேண்டாம் என்றும் விடவில்லை என்பாள் இன்னொருத்தி. வேண்டாம் என்பதற்கும் ஒரு நேரங்காலம் வேண்டாமா? கையெழுத்துப் போடும்போது யோசித்திருக்கலாம். பாதியில் கதவைத் திறந்தால் வாடிக்கையாளர்களும் முகம் சுளித்தார்கள்.

அதனால் மணிக்குப் போகும் கம்பிகளைக் கழற்றிவிட்டேன். சுவிட்சில் இருக்கும் குட்டிப் பச்சை விளக்கை மட்டும் விட்டுவைத்தேன். சோதனைக்கு வந்த அதிகாரி அழுத்திப் பார்த்தார், எரிந்தது, எழுதிக்கொண்டு போனார். ஏன் வரவில்லை என்று எவளாவது கேட்டால், "வாசல் வரைக்கும் வந்தேம்மா, சத்தம் அடங்கிடுச்சு, திரும்பிட்டேன்" என்பேன். ஆறுதலாக இருக்கும் அவர்களுக்கு.

நான்காம் அறையில் இருந்தவளை நெட்டை என்போம். கலகலப்பானவள், எனக்குப் பிடிக்கும். அன்று மத்தியானம் ஒரு ஆள் வந்து அவளைத்தான் கேட்டான். அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"போன வாரம் இந்தாளு என் வாயப் பொத்துனான்ணே. பயமா இருக்கு. வேணாம்ணே."

"மணி இருக்கே, தங்கச்சி. ஒரு அழுத்து அழுத்து, அண்ணன் வந்து நிக்கிறேன்."

முகம் தெளிந்து மேலே போனாள்.

நான் குறுக்கெழுத்துப் புதிரை எடுத்தேன். பாதியில் மேலே தடதடவென்று கேட்டது. எதையும் மறைக்கவில்லை, ஐயா, கேட்டது. ஆனால் மணி அடிக்காமல் அறைக்குள் போகக்கூடாது என்பது விதி. மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் இறங்கி வந்து, வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

படுக்கை விரிப்பு மாற்றப் போனபோதுதான் பார்த்தேன். கழுத்தில் கைத்தடம், உடம்பு சில்லிட்டிருந்தது. சுவிட்ச் உடைந்து சுவருக்குள் போயிருந்தது. அவளுடைய கட்டைவிரல் நகம் பிய்ந்து தொங்கியது. எத்தனை முறை அழுத்தினாளோ.

கடைசி மூச்சுவரை அண்ணன் வருவான் என்று நம்பியிருக்கிறாள், ஐயா. ஒரு பெண் இவ்வளவு நம்பிய ஆளைப் போய், கொலைக்கு உடந்தை என்று எழுதுகிறீர்களே.