கழுத்துப் பலகை

தயேசி: பின்வாசல்ல நிக்காத அண்ணே, வெங்காயத் தோலக் கொட்டுற இடம் அது. உள்ள வா.

பனிஸ்: இருக்கட்டும். உள்ள கூட்டமா இருக்கு.

தயேசி: ஜெபத்துக்கு நூறு பேர் வந்திருக்காங்க. பருப்பு பத்தாது போலிருக்கு... ஆறு மாசம் கழிச்சு வந்திருக்க. வழி தெரிஞ்சுதா?

பனிஸ்: தெரியாம என்ன? செத்துப் பொழைச்சவ இருக்கிற வீடு எதுன்னு கேட்டா அலெக்சாந்திரியாவுல கழுதைகூட கொண்டுவந்து விட்டுடும்.

தயேசி: உன் கிண்டல் மட்டும் போகல.

பனிஸ்: கிண்டல் இல்லடி... நல்லா இருக்கியா?

தயேசி: இதக் கேக்கவா நம்ம ரக்கோட்டிப் பேட்டையிலேர்ந்து இந்த வெயில்ல நடந்து வந்த?

பனிஸ்: அந்தப் பலகைய... ஒரே ஒரு நாளைக்குத் தருவாங்களா?

தயேசி: எந்தப் பலகை?

பனிஸ்: தெரியாத மாதிரி கேக்காத. செத்தவங்க கழுத்துல பேர் எழுதிக் கட்டுவோமே, அது. உன் கழுத்துல கிடந்தது. அதக் கழுவின தண்ணியக் குடிச்சுதான் அந்தக் கயிறு திரிக்கிறவன் எழுந்து உக்காந்தான்னு துறைமுகம் முழுக்கப் பேச்சு.

தயேசி: உக்காந்தான். மூணு நாள் ஆள் மாத்தி ஆள் பக்கத்துல இருந்து கஞ்சி ஊத்தினோம். அத யாரும் பேச மாட்டாங்க... யாருக்கு அண்ணே?

பனிஸ்: எம் பொண்ணு ஹெராய்க்கு.

தயேசி: ஐயோ... எப்பலேர்ந்து?

பனிஸ்: முந்தாநேத்து. வயித்தால போயிட்டே இருக்கு. கண்ணு ரெண்டும்...

தயேசி: அம்மாவுக்குச் சிவந்த மாதிரியா?

பனிஸ்: அதே மாதிரி. சராப்பிஸ் கோவிலுக்குத் தூக்கிட்டு ஓடினேன். வாசல்லயே தடுத்துட்டாங்க. நோயாளிங்கள இப்ப உள்ள விடறதில்லையாம்.

தயேசி: நோயத் தீர்க்கிற கோவில்ல?

பனிஸ்: பூசாரிங்களே பாதிப் பேர் போயிட்டாங்க, என்ன செய்வாங்க... மாடியில குடியிருக்கிறவங்க, பொழுது சாயறதுக்குள்ள அவள வெளிய கொண்டுபோய் வைக்கச் சொல்றாங்க. உன் அண்ணி... பலகை வாங்கிட்டா.

தயேசி: எழுதியாச்சா?

பனிஸ்: பேர் எழுதிட்டேன். ஏழு வயசுன்னு எழுதக் கை வரல. அப்படியே வச்சுட்டு இங்க வந்துட்டேன். ஒரு நாள் போதும் தயேசி. நாளைக்கே கொண்டுவந்து தந்துடறேன்.

தயேசி: அது உனக்கு எதுக்கு? அத எழுதினதே நீதானே. தானிய மூட்டைக்கு அடையாளம் போடற அதே கோணல் எழுத்து.

பனிஸ்: நான்தான். நீ செத்துட்டேன்னு நெனச்சு...

தயேசி: ம்.

பனிஸ்: செத்துதானே இருந்த? நிஜமா அதக் கேக்கத்தான் வந்தேன். கால்வாய் ஓரத்துல உன்ன வச்சப்போ... உயிர் இல்லதானே? இருந்திருந்தா, அப்புறம் அந்தப் பலகைக்கு என்ன சக்தி...

தயேசி: கட்டினவன் நீ. மொதல்ல நீ சொல்லு.

பனிஸ்: உடம்பு சுட்டுச்சு.

தயேசி: அப்புறம்?

பனிஸ்: முடிச்சுப் போடும்போது... தண்ணின்னு கேட்ட. காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். வெக்கமா இருக்கு தயேசி. தண்ணிக் குடத்தக் கண்டாலே தலை குனிஞ்சு போகுது.

தயேசி: ரெண்டு தடவ கேட்டேன்.

பனிஸ்: ...அப்ப எல்லாம் தெரியுமா உனக்கு? தெரிஞ்சுமா வாராவாரம் எழுந்து நின்னு 'நான் செத்திருந்தேன்'னு சொல்ற? 'கூடப் பொறந்தவன் உயிரோட தூக்கிப் போட்டான்'னு சொல்ல வேண்டியதுதானே. என்னக் காப்பாத்தவா?

தயேசி: மொதல்ல சொன்னது நான் இல்ல. திதிமே அம்மா, துணி வெளுக்கிறவங்க, கால்வாய்க்கு வந்த இடத்துல பலகையோட என்னப் பாத்தாங்க. நான் கண்ணத் தொறந்ததும், கிறிஸ்து ஒரு பொணத்த எழுப்பிட்டார்னு கத்திட்டாங்க. எனக்கு நாக்கு எழும்பல. எழும்பறதுக்குள்ள நாப்பது பேர் நம்பிட்டாங்க.

பனிஸ்: அந்த அம்மா உள்ள இருக்காங்களா? காலுல விழுந்துட்டுப் போறேன்.

தயேசி: போன மாசம் போயிட்டாங்க. இதே நோய்தான்.

பனிஸ்: பலகைய...?

தயேசி: அவங்க கழுத்துலயும் கட்டிப் பாத்தோம். அத நாங்க யாரும் வெளிய சொல்லல. அது மரத்துண்டு அண்ணே. ஒன்பது நாள் துணிய நனைச்சு நனைச்சு என் வாயில பிழிஞ்சாங்க அந்தம்மா. என் சாமி எதுன்னுகூடக் கேக்கல. அப்படிச் செய்யச் சொல்ற அவங்க சாமிய நான் நம்பறேன். பலகைய நம்பல.

பனிஸ்: அப்ப எம் பொண்ணுக்கு...

தயேசி: இந்தக் கூடையப் பிடி. பார்லி, உப்பு, பழைய துணி எல்லாம் இருக்கு. நான் வரேன்.

பனிஸ்: நீயா? உள்ள உனக்காகத்தானே உக்காந்திருக்காங்க.

தயேசி: உக்காந்திருக்கட்டும். குழந்தை எழுந்ததும் வந்து, நிஜத்தச் சொல்லிக்கறேன்.

பனிஸ்: எந்த முகத்த வச்சுக்கிட்டு உன்னக் கூட்டிட்டுப் போவேன்? மூஞ்சியில துப்பவாவது செய்டி. மனசு கொஞ்சம் ஆறும்.

தயேசி: துப்பற யோக்கியதை எனக்கு இல்ல. நட.

பனிஸ்: உனக்கென்ன? அம்மாவ ஒத்தையா கிடந்து பாத்த. நான் கப்பல்ல மூட்டை ஏத்திட்டு மூணு நாள் கழிச்சு வரேன், எல்லாம் முடிஞ்சிருக்கு. கால்வாய் வரைக்கும் நீயே தூக்கிட்டுப் போயிருக்க. அப்பேர்ப்பட்டவள நான்...

தயேசி: அண்ணே.

பனிஸ்: என்ன?

தயேசி: அம்மா தண்ணி கேக்கல. நான் பலகையக் கட்டும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டா... ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சு விட்டேன்.